இருபதாம் நம்பர் நூல்

பட்டு நெய்கிறவரிடம் மனசுக்குப் பிடித்த நூல் எது என்று கேட்டுப் பாருங்கள். சிறுமுகையில் நான் போன வீடுகளில் ஒருவர்கூடப் பட்டு என்று சொல்லவில்லை. பருத்தியைத்தான் சொன்னார்கள், அதையும் நம்பரோடு சொன்னார்கள். எண்பது, நூறு, அறுபது. முதன்முதலில் தறியேறியபோது பழகிய நூலின் நம்பர் அது. எந்த வயதில் தறியில் உட்கார்ந்தோம் என்பதை மறந்துபோனவர்களுக்கும் அந்த நம்பர் மறக்கவில்லை. ஒரு அக்கா மட்டும், "எனக்கு இருபதுங்" என்றார். திண்ணையில் தார்க் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர், "அது நூலா? கவுறு" என்று சிரித்தார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது சிறுமுகை. இன்று ஊர் முழுக்க சாஃப்ட் சில்க். முன்பு இதே தறிகளில் பருத்திச் சேலையும், பருத்தியும் பட்டும் கலந்த கோரா காட்டனும் ஓடின. சந்தை பட்டைக் கேட்டது, தறிகளும் மாறின. நெய்கிற கைகள் மட்டும் பழைய கைகளே.

நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். பருத்தியில் 840 கெஜ நீளம் ஒரு சிட்டம். அப்படி எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நூலின் நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நூல் இருக்கும். 100ஆம் நம்பர் என்றால் அதே கிலோவில் 170 கிலோமீட்டர் வரும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பட்டின் கணக்கு இதற்கு நேர்மாறு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். எண் ஏறினால் இழை தடிக்கும். அக்காவுக்கு இந்த இரண்டு கணக்கும் வாயில் இல்லை, விரலில் இருக்கிறது. ஓர் இழையைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

அவர் பிறந்தது சென்னிமலை. கொடி காத்த குமரன் பிறந்த ஊர். கைத்தறிப் போர்வைக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர்போன ஊர். அப்பா வீட்டில் போர்வைத் தறி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் தார் சுற்றுவது, பிறகு அப்பா சாப்பிடப் போகிற நேரத்தில் தறிக் குழிக்குள் காலை விட்டு நாலு ஊடை, அதாவது குறுக்கு இழை, அடித்துப் பார்ப்பது. தனியாக யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. "எங்கப்பாரு திரும்பி வந்து பார்ப்பாருங். கோணலா இருந்தா பிரிக்கச் சொல்லுவாரு. பிரிச்சா நூலு அப்படியே இருக்கும். மறுக்கா அடிக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் நான் தேடி வந்த விஷயம் முழுதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு இழை சேர்த்து முறுக்கிய தடித்த பருத்தி நூல், பழகுகிற பிள்ளையின் கைக்கு இடம் கொடுக்கும். அடித்ததைப் பிரிக்கலாம், திரும்ப அடிக்கலாம். இழுத்தால் சட்டென்று அறாது. அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு அகப்படும். பட்டில் பிரித்து அடித்தால் அந்த இடம் மங்கிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். விலையோ பருத்தியைப் போலப் பல மடங்கு. பட்டுப் பாவு, அதாவது நெடுக்கு இழை, ஏறிய தறியில் பழகாத பிள்ளையை யாரும் உட்காரவிட மாட்டார்கள்.

அன்று அவர் தறியில் பாவிழை ஒன்று அறுந்தது. இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நானும் குனிந்தேன். ஜக்கார்டு பெட்டியின் சத்தம் நின்றது. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த நுனியைக் கண்ணால் தேடவில்லை. புறங்கையைப் பாவின் மேல் லேசாக ஓடவிட்டார். தொய்ந்திருந்த இழை கையில் தட்டியது. அதோடு ஒரு துண்டுப் பட்டிழையைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, நகத்தால் இழுத்து இறுக்கி, பாவிழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் நுழைத்து, ஊடையை அடித்துச் சேர்க்கும் அச்சின் பல்லில் கோத்து, முன்னால் இழுத்து நெய்த துணியோரம் செருகினார். நான் இரண்டு முறை மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"இது வழுக்குமுங். முடிச்சுப் போடாட்டி நிக்காது. பருத்தின்னா பாருங்க" என்று தறிச் சட்டத்தில் கட்டியிருந்த நூலிலிருந்து ஒரு சாண் பிய்த்தார். அதை இரண்டாகக் கிள்ளி, இரு நுனிகளையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, ஒரு தேய். முடிச்சு இல்லை. இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன், தாங்கியது. பருத்தி நூலின் மேலே நிற்கிற பொடிப் பொடி ரோமங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பட்டுக்கு ரோமம் கிடையாது. கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரே இழையாக உருவி எடுப்பது அது. பருத்தியோ ஒரு அங்குல அளவே உள்ள பஞ்சிழைகளைச் சேர்த்து முறுக்கியது.

அதனாலேயே பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டாக வேண்டும். ரோமம் படியாவிட்டால், விழுதிலும் அச்சிலும் உரசி உரசி நூல் பிசிறடித்து அறுந்துபோகும். கஞ்சி போடுகிற காலை வேளைகளைப் பற்றிப் பேசும்போது அக்காவின் குரலே மாறிவிட்டது. விடியும் முன்னே பாவடியில் பாவை நீட்டுவார்கள். பாவை நீட்டிக் கட்டவும் இரண்டு பக்கமும் நடக்கவும் இடம் வேண்டும் என்பதால் நெசவாளர் தெருக்கள் அப்படி அகலமாக இருக்கும். அலகுகள் கோத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சியைத் தெளித்து, நீளமான புருசைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் சித்தப்பா, ஒரே நடையாக நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஏறிவிட்டால் கஞ்சி திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் பாவும் போட முடியாது, தறிக்குழியிலும் தண்ணீர் ஊறும், வீட்டில் அடுப்பும் தயங்கும். இதையும் அவரே சொன்னார். சுகமான நினைவு மட்டும் அல்ல அது.

"பருத்தியை நாம ஆளாக்கணுமுங். பட்டு வரும்போதே ஆளாகித்தான் வருது" என்றார்.

பிறந்த ஊர்ப் பாசம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் நூல் கைக்கு ஓர் அளவைக் கொடுத்துவிடுகிறது. பிறகு வருகிற எல்லா நூலையும் கை அந்த அளவை வைத்தே நிறுக்கிறது. கல்யாணமாகி சிறுமுகைக்கு வந்து கோரா நெய்த புதிதில், இவர் அச்சைப் போர்வைக்கு அடிக்கிற மாதிரி ஓங்கி அடித்திருக்கிறார். துணி தகடு மாதிரி விறைத்துப்போய், மாமியார் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாராம். பட்டுக்கு அச்சை விட்டால் போதும், தானே வந்து ஊடையைச் சேர்க்கும். பின்னுக்குத் தள்ளுகிற கைதான் அளவாக இருக்க வேண்டும். அந்தப் பதம் வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. "இப்பவும் கோபம் வந்தா பழைய அடி வந்துருமுங்" என்று அவர் சொன்னபோது, தார் சுற்றுகிற பெரியவர், "நெசந்தான், சத்தத்துலயே தெரியும்" என்றார்.

அந்தப் பெரியவர் கற்றது 100ஆம் நம்பரில், வேட்டித் தறியில். அவர் கட்சி வேறு. மெல்லிய நூலில் பழகினவனுக்குத்தான் பொறுமை வரும், தடிநூல்காரர்களுக்கு வேகம்தான் வரும் என்கிறார். இருபதும் நூறும் திண்ணையில் நெடுநேரம் வாதாடின. இருவரும் மேலே மேலே பேச, ஒன்று புரிந்தது. அவரவர் நூலைப் புகழும்போது இருவருமே தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பேரை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பட்டை அக்கா குறை சொல்லவே இல்லை. போர்வைத் தறியின் கூலி வீட்டுக்குப் போதவில்லை. பட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறி தொடக் கூடாது என்று 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள் இருந்த பட்டியல் பிறகு 11 ஆகக் குறைந்தது. பெட்ஷீட்டும் ஜமக்காளமும் இன்னும் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் கடைத்தெருவில் விசைத்தறி பெட்ஷீட் தாராளமாகக் கிடைக்கிறது. கைத்தறிக்கு வேண்டிய நூல் சிட்டமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, நூற்பாலைகள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே போட வேண்டும் என்று விதி உண்டு. அந்தப் பங்கும் 2019இல் 40 சதவீதத்திலிருந்து 30 ஆக இறங்கியது. மலிவான தடிநூல் ரகங்கள் இப்படிக் கைத்தறியை விட்டுப் போய்க்கொண்டிருந்தால், பழகுவதற்கான தறி எங்கே மிஞ்சும்? விலை உயர்ந்த பட்டைக் காப்பாற்றினால் கைத்தறி பிழைத்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. பட்டு நெய்கிற கையை உருவாக்கியது இருபதும் அறுபதும் எண்பதும்தான் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் தடிநூல் பாவு ஏற்றிய தறி ஒன்றாவது, விற்பனைக்கென்று இல்லாமல் பழகுகிறவர்களுக்கென்று ஓட வேண்டும்.

அக்காவின் பட்டுத் தறியில் மிதியையும் விழுதையும் சட்டத்தோடு கட்டியிருப்பதெல்லாம் பருத்திக் கயிறு. பக்கத்துத் தறிகளில் நைலான். இவர் மட்டும் சென்னிமலைக்குப் போகும்போதெல்லாம் 20ஆம் நம்பர் சிட்டம் வாங்கிவந்து, தொடையில் வைத்து முறுக்கிக் கட்டுகிறார். நைலான் நெகிழ்ந்துவிடுகிறதாம், இது இறுகிக்கொள்கிறதாம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நெசவு பழக வேண்டும் என்று கேட்டபோது, உறவினர் வீட்டில் சும்மா கிடந்த குறுந்தறியைக் கேட்டு வாங்கி, அதே நூலில் துண்டுக்குப் பாவு ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் நெய்த துண்டை எடுத்து விரித்தார். ஒரு கரை உள்ளே இழுத்தும் மறு கரை தளர்ந்தும் இருந்தது. "ஊடை கொண்டுபோற நாடாவை வாங்குற கை இன்னும் பழகலைங்" என்று அந்தக் கரையைத் தடவிப் பார்த்தார்.

நான் சென்னிமலைக்கும் போகப் போகிறேன் என்றதும் போர்வை வாங்குகிற விதத்தைச் சொல்லத் தொடங்கினார். "மடிப்பைப் பிரிக்காம வாங்கிறாதீங்க தம்பி. வெளிச்சத்துல தூக்கிப் புடிங்க, ஊடை எங்கயும் விலகியிருக்கக் கூடாது. ஒரு மூலையைக் கசக்குங்க. மாவு கொட்டுச்சுன்னா கஞ்சியிலயே கனம் காட்டியிருக்காங்கன்னு அர்த்தம். கரையை ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க. புதுசுல முரடாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. நாலு தடவை அலசிப் போட்டதுக்கு அப்பறம் போர்த்திப் பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க."