பாதித் திரை



அப்பா கைப்பட எழுதிய குடும்ப வரலாற்று நோட்டை ஒரு மாதமாகக் கணினியில் தட்டச்சு செய்கிறேன். நோட்டின் படம் ஒரு விண்டோவில், வேர்டு இன்னொன்றில். ஒன்று வந்தால் மற்றது மறைந்துவிடும். ஒரு வரி படித்து, மாற்றி வருவதற்குள் பாதி மறந்துபோகும். சித்தப்பா பிறந்த வருடத்தையே இரண்டு முறை தப்பாக அடித்தேன். ஞாபகசக்தி போய்விட்டதோ என்று உள்ளுக்குள் பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். பேச்சுவாக்கில் சொன்னேன். "டீச்சர், விண்டோஸ் பட்டனை அமுக்கிக்கிட்டே இடது அம்புக்குறியைத் தட்டுங்க" என்றார். படம் இடது பாதியில் போய் ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் சின்னதாகத் தெரிந்த வேர்டைக் கிளிக் செய்தேன். மீதிப் பாதியில் வந்து உட்கார்ந்தது. 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே எல்லாம் இப்படிப் பக்கம் பக்கமாகத்தான் இருந்ததாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறியது 1987-இல்தானாம்.

நேற்றே நான்கு பக்கம் முடித்தேன், ஒரு பிழை இல்லாமல்.

இரவு தூக்கம் வரவில்லை. கரும்பலகையைப் பார்த்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிரும்போது வரியைத் தொலைத்துவிட்டு முழித்த பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். "கவனம் எங்கே?" என்று குட்டியிருக்கிறேன். கவனம் இருந்தது, பலகைதான் தூரத்தில் இருந்தது. ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

குட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடுங்கள்.