காய்க்கு 45 நாள்

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள். தோப்பு அவங்களுக்கு, தோப்பு வேலை எங்க தெருவுக்கு. 1998இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஈரியோபைட் என்ற சிலந்திப்பேன் ஓரிரு வருசத்தில் எங்க ஊருக்கும் வந்தது. கண்ணுக்குத் தெரியாது. இளங்காயின் தொப்பிக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும். காய் பழுப்பேறி வெடித்துச் சிறுத்துப்போகும். அப்போது சொன்ன வைத்தியங்களில் ஒன்று, வேரில் மருந்து கட்டுவது.

அந்த வேலை எங்கப்பாவுக்கு. மரத்தடியைத் தோண்டி, பென்சில் கனத்தில் உயிர்வேர் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, மோனோகுரோட்டோபாஸும் தண்ணியும் கலந்த பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்டணும். கையுறை கிடையாது. விரலெல்லாம் மருந்து வழியும். பம்புசெட்டுத் தொட்டியில் எங்க ஆளுக கை வைக்கக் கூடாது. வாய்க்கால் வரை நடக்கணும். வாய்க்கால் காய்ந்த மாசத்தில் மண்ணைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு, அந்தக் கையோடதான் கஞ்சி.

ஒருநாள் சாயங்காலம் வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, வாயில் நுரை. அம்மா தோப்புக்காரர் வாசலில் நின்னு "ஐயா, வண்டி குடுங்கய்யா"ன்னு அழுதுச்சு. "சாராயத்தைக் குடிச்சிருப்பான், மோர் குடு" என்றார் அவர். ஆஸ்பத்திரியில் "மருந்தை எதுக்குடா குடிச்சே?" என்று கேட்டார்கள். குடிக்கலை, கட்டினேன் என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு புரளலை. பிழைத்தார். மறுவாரமே தோண்டப் போனார்.

மருந்து கட்டின மரத்தில் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பது விதி. தோப்புக்காரர் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். 2005இல் காய்கறிப் பயிர்களில் இந்த மருந்துக்கு அரசு தடை போட்டது. இரண்டுமே தின்கிறவர் கணக்கு. கலக்கின கைக்கு எத்தனை நாள்?

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. பூர்வீகம் நடு அமெரிக்கா. எங்க பக்கமும் வந்தது. 2018 கஜா புயலில் விழாமல் நின்ன மரத்தையும் அது விடலை. ஈ விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படர்ந்து ஓலையெல்லாம் கருத்தது. இந்தமுறை வேளாண் விஞ்ஞானிகள் வேறு சொன்னார்கள்: ரசாயனம் அடிக்காதீர்கள். என்கார்சியா என்ற சிறு குளவி ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது; மருந்தடித்தால் குளவியும் சாகும். குளவி உள்ள ஓலைத்துண்டை மற்ற மரங்களில் கட்டுங்கள், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள், ஓலையடியில் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

இது பலிக்கிற வழிதான். 2008இல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவி. எங்க தோளிலிருந்து மருந்து டின் இறங்கினால் எனக்குச் சந்தோசமே.

ஆனால் தோழர்களே, எங்க பக்கம் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் குளவியைக் காப்பாத்தணும்னு திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாற்காலியில் தோப்புக்காரர்கள். ஓலை கட்டப்போகிற எங்க ஆளுக வெளியே நின்றார்கள். மரத்துக்காக, குளவிக்காக டின்னைக் கீழே வைத்தார்கள், எங்களுக்காக இல்லை. நாளைக்குக் குளவி அண்டாத பூச்சி ஒன்று வந்தால், டின் திரும்பவும் அதே கைக்குத்தான் வரும்.

மண், தண்ணீர், குளவி, காய் எல்லாம் இயற்கை வேளாண்மையின் கணக்கில் வந்துவிட்டன. கையும் வரணும். கூட்டத்தில் இடம், வேலைக்குத் தக்க கூலி, கையுறை, சோப்பு. அதற்கெல்லாம் முன்னால், அந்தப் பம்புசெட்டுத் தொட்டியில் எங்கப்பா கை கழுவணும்.