தோணிரேவில் ஓர் இரவு

உறக்கம் எல்லோருக்கும் பொது என்பார்கள். ஆனால் உறங்கும் இடம் பொதுவன்று. மெத்தையில் உறங்குவோர் உண்டு. திண்ணையில் உறங்குவோர் உண்டு. என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காரில் உறங்கி வருகிறார். அவர் வாடகைக் கார் ஓட்டுநர். வந்தவர்களை விடுதி வாசலில் இறக்கிவிட்ட பிறகு, விடியும்வரை அவருக்கு வண்டிதான் வீடு.

இதை வெளியில் சொல்ல நான் கூசியதுண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். வண்டி அவருடையதன்று, முதலாளியுடையது என்பது தெரிந்தே எழுதினேன்.

சென்ற மார்ச்சு மாதம் பூநாரைகளைக் காண விரும்பிய மூவரை அப்பா பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றார். விடுமுறை நாளாதலால் நானும் உடன் சென்றேன். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு; அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கரை மீனவர் ஊர்களுள் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்றால் தெலுங்கில் படகுத்துறை; தமிழ்த் தோணியும் தெலுங்குத் துறையும் சேர்ந்து ஊருக்குப் பெயராகிவிட்டன. வந்தவர்கள் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். எங்களுக்கு வண்டி.

காற்று வரட்டுமே என்று, வண்டியைத் தண்ணீரோரமாக நிறுத்தச் சொன்னேன். அப்பா பதில் சொல்லாமல் இறங்கிப்போய், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, ராத்திரி வண்டியை இங்கே போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா போடு தம்பி. தண்ணிகிட்ட மட்டும் வேணாம். ராவுல ஓதம் ஏறும், சக்கரம் சேத்துல இறங்கிடும்" என்றார் அவர். பிறகு கட்டியிருந்த தன் தோணியைக் காட்டி, "இதுல படுக்கிறப்போ நானே கயிறு எவ்வளவு விட்டிருக்குன்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன்" என்று சிரித்தார்.

அதன்பின் அப்பா செய்ததை ஒரு பூசையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மேடான, கெட்டியான, சமமான தரையில் வண்டியை நிறுத்தினார். அவசரமென்றால் திருப்பாமலே போகலாம் என்று முகப்பைச் சாலை நோக்கி வைத்தார். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்தார். எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, பழைய கொசுவலைத் துண்டுகளைக் கதவிடுக்கில் செருகினார். முன் இருக்கையைச் சாய்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் போர்வையை மடித்து வைத்தார். "காலைத் தொங்கப் போடாதே, விடியறப்போ வீங்கிடும்" என்று என் பையைக் காலுக்கு உயரமாகக் கொடுத்தார். டார்ச், தண்ணீர், சாவி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. படுத்த சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

எனக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் காற்று நின்று புழுக்கம் ஏறியது. வலையையும் மீறி உள்ளே வந்த கொசு காதருகே பாடியது. கண்ணாடிகளை ஏற்றினேன், சாவியைப் போட்டு இன்ஜினை முடுக்கி ஏ.சி.யைத் திருகினேன். ஆகா, என்ன சுகம்! கண் சொருகியது.

திடீரென்று இன்ஜின் நின்றது. நான்கு கதவுகளும் திறந்துகொண்டன. அப்பா என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். அவர் கை நடுங்கியது.

"கண்ணாடியை ஏத்திட்டு இன்ஜினைப் போட்டுத் தூங்குறியே, காலையில எழுந்திருப்பேன்னு யாருடா சொன்னது? அந்தப் புகைக்கு வாசனை கிடையாதுடா!"

நான் வேதியியல் மாணவன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை என்று தேர்வில் எழுதியவன். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். நிற்கும் வண்டியின் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, அதன் வாயை மண் அடைத்தாலோ புகை உள்ளே வரலாம். உறங்குகிறவனுக்கு அது தெரியாது; உறக்கம் ஆழ்ந்துகொண்டே போகும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே பரவிய கார்பன் மோனாக்சைடே காரணம் என்று கண்டறிந்தார்கள். அச்செய்தியை நானும் படித்தேன், அப்பாவும் படித்திருந்தார். அவருக்குப் படித்தது நினைவில் நின்றது. எனக்கு விடைத்தாளில் நின்றுவிட்டது.

மீதி இரவை வண்டிக்கு வெளியே, வலைக்குவியலருகே உட்கார்ந்து கழித்தோம். "ஏம்ப்பா, லாட்ஜில் உங்களுக்கு இடம் தர மாட்டார்களா?" என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்கும் தம் வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ படுக்கை வசதியும் கழிப்பறையும் அமைத்துத் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. அதைச் சொன்னேன். "சட்டம் நல்லதுதான். நான் போற இடத்துக்கு அது வந்து சேரணும்" என்றார்.

விடியலில் ஏரியை எட்டிப் பார்த்தேன். மாலையில் நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. தொலைவில் பூநாரைகள் ஒற்றைக் காலில் அமைதியாக நின்றுகொண்டிருந்தன. வந்தவர்கள் ஓடிவந்து படம் எடுத்தார்கள். அப்பா முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் கண்ணாடிப் பனியைத் துடைத்தார்.

தோழர்களே, சுற்றுலாவிலோ தேர்தல் பணியிலோ நீங்களும் ஒருநாள் காரில் உறங்க நேரலாம். நிலம் பார்த்து நிறுத்துங்கள்; இன்ஜினை அணையுங்கள்; காற்றுக்கு வழி விடுங்கள்; அங்கே படுத்திருக்கிறீர்கள் என்பதை வெளியில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். வசதி என்பது அதற்குப் பிறகுதான்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே கேள்வி இருந்தது. 'வாடகைக் கார் ஓட்டுநர்' என்று எழுதினேன்.