வெளிநாட்டுல படிச்சு என்னத்தக் கிழிச்சே?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீட்டுக்குப் போய் பையைக்கூட வைக்கல, மாமா வந்துட்டார். கையில ஒரு ஃபைல். உள்ள வீட்டுப் பத்திரம்.

"மருமகனே, இவன் ஜெர்மனி போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நீ போயிட்டு வந்தவன். பத்திரத்தை பேங்க்ல வைக்கலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

பின்னாடியே மாமா பையன். பி.இ. கடைசி வருஷம். "மச்சான், சரின்னு சொல்லிரு"ன்னு கண்ணாலயே கெஞ்சிக்கிட்டு நிக்கிறான்.

எனக்கு டக்குனு பதில் வரல. ரெண்டரை வருஷம் அங்க இருந்து எம்.எஸ். முடிச்சவன்கிட்ட 'என்ன கிடைச்சது'ன்னு கேட்டா, வாய் ஏன் திக்குது? அதை யோசிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல காசுக் கணக்கு. மாமாவுக்கு அதான் முக்கியம். ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல படிப்புக் கட்டணம் கிடையாது. எல்லா இடத்துலயும் இல்லைங்கறது வேற கதை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 2017-ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல இருந்து புதுசா சேர்றவங்ககிட்ட வாங்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா விசா வேணும்னா ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே அங்க ஒரு கணக்குல போட்டுக் காட்டணும். நம்ம பணம்தான், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா நமக்கே அவுத்து விடுவாங்க. நான் 2019-ல விண்ணப்பிச்சப்ப அது 8,640 யூரோ, அன்னிக்கு ஆறரை லட்சத்துக்கு மேல. 2024 செப்டம்பர்ல அதை 11,904 யூரோ ஆக்கிட்டாங்க. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பொதுவா பேங்குல பிணை கேப்பாங்க. மாமா பத்திரத்தோட வந்து நிக்கிற காரணம் அதான்.

அடுத்து படிப்பு. இங்க நான் டிஸ்டிங்ஷன் பார்ட்டி. அங்க போய் எழுதின முதல் பரீட்சையிலயே ஃபெயில்! புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டே எழுதலாம்னு சொன்னாங்க. 'அல்வா சாப்பிடுற மாதிரி'ன்னு நினைச்சுப் போனேன். கேட்ட நாலு கேள்விக்கும் புத்தகத்துல பதில் இல்ல. 'இந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தே, எங்க இது உடையும்'னு கேட்டா என்னத்தை எழுத? பல பல்கலைக்கழகங்கள்ல ஒரே பாடத்துல மூணு தடவை ஃபெயிலானா படிப்பையே விட்டு அனுப்பிருவாங்க. ரெண்டாவது தடவை எழுதறதுக்கு முன்னாடி பயத்துல சரியாத் தூங்கல. பாஸாகி, அப்பாவுக்கு போன் போட்டு "4.0 வாங்கிட்டேன்ப்பா"ன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம், தெருவுக்கே சொல்லிட்டார். அங்க 1.0 தான் முதல் மார்க்கு, 4.0-ங்கறது தத்தளிச்சுக் கரையேறினவனுக்குக் குடுக்கறதுன்னு இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லல. (அப்பா பதிவெல்லாம் படிக்க மாட்டார், தைரியமா எழுதறேன்.)

ஆனா இதெல்லாம் இல்ல நான் சொல்ல வந்தது.

சாக்சனியில ஒரு ஸ்டூடண்ட் ஹாஸ்டல். என் பக்கத்து ரூம் டாக்காக்காரன். சமையல்கட்டு பொது. மீன் கொழம்பு அவன் வைப்பான், சோறு நான் வடிப்பேன். ஒரு நாள் "உங்கப்பா என்ன வேலை?"ன்னு கேட்டான். "தோல் ஷாப்புல கணக்கெழுதறார்"னேன். திண்டுக்கல்ல தோல் பதனிடுற தொழிற்சாலைக்கு அதான் பேரு. அவன் கரண்டியைக் கீழ வச்சிட்டான். அவன் வளர்ந்தது ஹசாரிபாக் பக்கம். டாக்காவுல புரிகங்கா ஆத்தங்கரையில தோல் ஷாப்பா நிறைஞ்சு கிடந்த இடம். ஆத்தையே நாசம் பண்ணினதால 2017-ல அங்க இருந்ததையெல்லாம் மூடி, சவாருக்கு மாத்தினாங்களாம். அதையெல்லாம் சொல்லிட்டு, சாதாரணமா ஒரு கேள்வி கேட்டான்.

"உங்க ஊர்ல அந்தத் தண்ணி எங்க போகுது?"

எனக்குத் தெரியல. இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர்லயே இருந்தவன். பேகம்பூர் தாண்டி சைக்கிள்ல போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிருக்கேன். எங்க வீட்டு போர் தண்ணி வாயில வைக்க முடியாது. புழங்க உப்புத் தண்ணி, குடிக்க ஆத்தூர் டேம் தண்ணி, அது வராட்டி விலைக்கு ஒரு குடம். இதான் உலக வழக்கம்னு நினைச்சுட்டிருந்தேன். 'ஏன்'னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினேன். பச்சைத் தோல் கெடாம இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதைக் கழுவுறதுல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும், ஒரு கிலோ தோலுக்கு 30-40 லிட்டர் கழிவுத் தண்ணி. ஒரு காலத்துல ஆவாரம்பட்டையில பதனிட்டாங்க, அப்புறம் குரோமியம் வந்துச்சு. போடற குரோமியத்துல நூத்துக்கு 60-70 பங்குதான் தோல்ல ஏறும், மிச்சம் தண்ணியோட போயிரும். தேடிக்கிட்டே போனா ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. அதுல அஞ்சு மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாட்டி மூடணும்னு உத்தரவு. அந்த அஞ்சுல ஒண்ணு எங்க மாவட்டம். நான் பொறந்தது 1997. பொறக்குறதுக்கு முன்னாடி வந்த தீர்ப்பை, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உக்காந்து முதல் தடவையா படிக்கிறேன். வெக்கமா இருந்துச்சு.

எனக்கு மட்டும் இப்படி நடக்கலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. எங்க ஊர்ப் பக்கம் காந்திகிராமத்தால காந்தியவாதிகள் பேரெல்லாம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். ஜே.சி. குமரப்பா அதுல ஒருத்தர். தஞ்சாவூர்க்காரர். லண்டன்ல கணக்கியல் படிச்சு, பம்பாய்ல ஆடிட்டரா கோட்டு சூட்டோட இருந்தவர். 1927-ல 35 வயசுல அமெரிக்கா போய் மறுபடி படிச்சார். 1928-ல ஒரு சர்ச்சுல 'அப்படியானால் இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது'ன்னு பேசினார். பத்திரிகையில அந்தப் பேச்சைப் பத்திப் படிச்ச கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், 'இதையே ஆராய்ச்சி பண்ணு'ன்னுட்டார். ஆங்கில அரசோட வரி, செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவருக்குக் கண்ணு திறந்துச்சு. 1929-ல திரும்பி வந்து அந்த ஆய்வை எடுத்துக்கிட்டு நேரா காந்தியைப் பார்த்தார். அப்புறம் கோட்டு போச்சு, கதர் வந்துச்சு. கடைசிக் காலத்துல இருந்தது மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி. நம்ம நாட்டுக் கணக்கைப் பார்க்க அவருக்கே ஒரு நியூயார்க் தேவைப்பட்டிருக்கு.

அவரோட என்னை ஒப்பிடலை சாமி, அடிக்க வராதீங்க. நான் திரும்பி வந்து செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அப்பாகிட்ட அதே கேள்வியைக் கேட்டேன். "அந்தத் தண்ணி எங்கப்பா போகுது?"

அப்பா ரொம்ப நேரம் பேசல. சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சிட்டு வந்து சொன்னார்: "அந்தத் தண்ணியிலதான்டா உனக்கு ஃபீஸ் கட்டுனேன்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. முப்பது வருஷம் அந்தக் கணக்குப் புத்தகத்தைச் சுமந்த மனுசன்கிட்ட நான் போய் என்ன நியாயம் பேச? ஆனா கேள்வி போகல. இப்ப ஊருக்குப் போறப்பெல்லாம் போர் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுக்கறேன். கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கிறேன். பெருசா ஒண்ணுமில்ல, ஒரு நோட்டு. அப்பா முதல்ல முறைச்சார். போன தடவை அவரே பாட்டிலைக் கழுவி எடுத்து வச்சிருந்தார்.

சரி, மாமா விஷயத்துக்கு வர்றேன். உண்மையைச் சொன்னேன். "வேலைக்காக மட்டும்னா அங்க போகத் தேவையில்ல மாமா, அது சென்னையிலயே கிடைக்கும். அங்க போயும் நம்ம ஊர்ப் பசங்களோடயே ரூம் எடுத்து, நம்ம சாம்பாரையே வச்சு, நம்ம சினிமாவையே பார்த்துட்டுத் திரும்புறவங்க நிறைய. அதுக்குப் பத்திரம் வைக்காதீங்க. இவன் ஒரு வருஷம் இங்க வேலை பார்க்கட்டும், கொஞ்சம் சேர்க்கட்டும். அப்பவும் போகணும்னா கட்டணம் இல்லாத இடமாப் பார்த்து, குறைச்சலா கடன் வாங்கிப் போகட்டும்."

மாமா ஃபைலை மூடி அக்குள்ல வச்சுக்கிட்டார். பையனுக்கு மூஞ்சி தொங்கிருச்சு. தெரு முக்கு வரைக்கும் கூட நடந்து போய் அவன்கிட்ட இந்த டாக்காக்காரன் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு பய நறுக்குனு கேட்டான்:

"ஏன் மச்சான், நம்ம வீட்டுத் தண்ணி ஏன் உப்புக் கரிக்குதுன்னு கேக்கறதுக்கா ஜெர்மனி போகணும்?"

"போக வேணாம்டா மாப்ள. ஆனா நான் போய்த்தான் கேட்டேன்."

ஒரு நிமிஷம் சும்மா நின்னான். "அடுத்த தடவை தண்ணி பிடிக்கறப்ப எங்க வீட்டுலயும் ஒரு பாட்டில் பிடிச்சுக்க"ன்னுட்டுப் போனான்.

வெளிநாட்டுல படிச்ச மக்களே, உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. 'சம்பளம்'னு மட்டும் சொல்லாதீங்க, அது மாமாவுக்கே தெரியும்.

டிஸ்கி: 4.0 மேட்டரை யாராவது அப்பாகிட்ட போட்டுக் குடுத்தீங்க, நட்பு கட் :-)