பாட்டியின் நீலத் துணி

பிரிஞ்சாங்கில் மழைக்காலம் வந்தால் பெட்டிக்குள் இருக்கும் துணிக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆதலால் வானம் வெளுக்கும் நாள்களில் பாட்டியின் நீலத் துணியை எடுத்து நிழலில் உலர்த்துவேன்.

பாட்டி 1936ஆம் ஆண்டில் தென்னார்க்காட்டிலிருந்து இம்மலைக்கு வந்தவர். தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த அத்துணி, அவருடைய பாட்டியின் போர்வையாம். கைத்தறியில் நெய்த முரட்டுப் பருத்தி. ஆழ்ந்த நீலத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள். இடுப்பில் சாக்கைக் கட்டிக் கொழுந்து பறித்தவர், அதைத் தாம் போர்த்தி நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வெளியே எடுப்பார்.

அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே அதன் அருமை எனக்கு விளங்கிற்று. நீலமும் புள்ளியும் இருபுறமும் ஒன்றுபோல் இருந்தன. மேலே அச்சடித்த துணியாயின் மறுபுறம் வெளிறியிருக்கும். உருக்கிய மெழுகை இழைக்குள் இறங்குமாறு இட்டு, அவுரிச் சாயத் தொட்டியில் துணியைத் தோய்ப்பார்கள். மெழுகிட்ட இடத்தில் சாயம் ஏறாது. அவுரி நீலம் வெறும் நீரில் கரைவதில்லை. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவிட்டால் கரையும். கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்பதால் மெழுகும் உருகாது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சட்பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும்! மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போன்ற நீலக் கோடுகள் விழும். பாட்டியின் துணியில் அவை நிறைய உண்டு.

எகிப்தின் செங்கடற்கரைத் துறைமுகமான பெரெனிகேயில், இவ்வாறு மெழுகிட்டு நீலம் தோய்த்த இந்தியப் பருத்தித் துண்டுகள், ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழமையானவை, அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மலாய்க்காரர் உடுத்தும் பெலெக்காட் கைலியின் பெயரும் நம் பழவேற்காட்டின் திரிபே. 1897இல் ஜெர்மானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரி வயல்கள் அருகின.

இவற்றையெல்லாம் படித்திருந்ததுதான் வினையாயிற்று. 1984இல் பாட்டி படுக்கையில் விழுந்தார். “நான் போனா அந்த நீலத்தையே போர்த்தி அனுப்பிடுய்யா” என்றார். “சரி பாட்டி” என்றேன். அவர் கண்மூடிய அன்று, இத்தகைய பொருளை நெருப்பில் இடுவதா என்றெண்ணி, அதை என் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அம்மா வீடெங்கும் தேடினார். எலி இழுத்துப் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடையில் வாங்கிய கோடித் துணியோடு பாட்டி போனார்.

பத்தாண்டு கழித்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அம்மாவுக்குக் குளிருமேடா” என்று மட்டும் சொன்னார்.

2010இல் கோலாலம்பூரில் தேசியத் துணி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அங்கே கொடுத்துவிடுமாறு நண்பர் ஒருவர் கூறினார். பொதி கட்டிக்கொண்டு புறப்பட்டவன் தாப்பா வரை இறங்கித் திரும்பிவிட்டேன். பாட்டிக்குத் தராததை யாருக்கு எப்படித் தருவது?

சென்ற மாதம் பேரனுக்குக் காய்ச்சல். என் மகள் வந்து அத்துணியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.