அளவோடு இறுக்குதல்: உப்பள லாரியும் தாவூத் நபியின் கவசமும்



மரக்காணம் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிச் செல்லும் டீசல் லாரிகளில் மெக்கானிக்குகளின் பொறுமையைப் பெரிதும் சோதிப்பவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட்டுகள். எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுசெல்லும் வார்ப்பிரும்புக் குழாயை எஞ்சின் ஹெட்டுடன் பிணைத்து நிற்பவை அவையே. சில நேரம் அவை தளர்ந்து புகையைக் கசியவிடும். சில நேரம் துருவேறி இறுகி, கழற்ற முயன்றால் முறிந்துபோகும்.

இதன் காரணம் எளிது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மரைக்குள் நட் சிக்கிக்கொள்கிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி அந்தத் துருவை விரைவுபடுத்துகிறது. இத்துடன் வெப்பமும் சேர்கிறது. முக்கால் மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்புக் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். தண்ணீரால் குளிரூட்டப்படும் ஹெட்டோ அவ்வளவு நீளாது. இந்த இழுபறியில் பெரும்பாலும் முதலில் முறிபவை இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்டுகளே.

இதைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். ஸபா அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்களைப் பாருங்கள். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததைக் கூறும் இறைவன், கவசம் செய்யும்போது அதன் இணைப்புகளில் அளவைப் பேணுமாறு கட்டளையிடுகிறான். அந்த அளவு எது என்பதற்கு முஜாஹித் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் தந்த விளக்கம் வியப்பானது: ஆணி மெலிந்திருந்தால் வளையத்தில் ஆடும்; தடித்திருந்தால் வளையத்தையே உடைத்துவிடும்; ஆகவே இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டும். தளர்ச்சியும் கூடாது, மிகை இறுக்கமும் கூடாது. நற்செயல் புரியுமாறு ஏவும் கட்டளையும், நாம் செய்வதை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவூட்டலும் அதே வசனத்தில்தான் வருகின்றன. இறைத்தூதருக்கே ஆணியின் அளவு கற்பிக்கப்பட்டது என்றால், பட்டறை வேலை மார்க்கத்துக்கு வெளியே நிற்பதன்று.

கடந்த உப்புப் பருவத்தில் லாரி உரிமையாளர் ஒருவரும் மெக்கானிக் ஒருவரும் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தனர். கழற்றும்போது ஒரு ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பும் செலவு யாருடையது என்பதே கேள்வி.

“ஹஜ்ரத், ஓடிக்கிட்டிருந்த வண்டி. இவர் கை வச்சுத்தான் உடைஞ்சுது” என்றார் உரிமையாளர்.

“ஹஜ்ரத், நான் தொடுறதுக்கு முன்னாடியே அது உள்ளே அரிச்சுப் போயிருந்துச்சு” என்றார் மெக்கானிக்.

கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரின் கையில் உள்ள பொருள் அமானிதம். வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாதவரை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. எனவே கவனக்குறைவு இருந்ததா என்பதையே விசாரித்தேன். எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அழுத்தியதாக மெக்கானிக் ஒப்புக்கொண்டார். மாலைக்குள் லோடு ஏற்ற வேண்டும் என்று தாமே அவசரப்படுத்தியதை உரிமையாளரும் மறுக்கவில்லை. அவசரம் இருவருடையதாகவும் இருந்ததால், செலவைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்வதாக ஸுல்ஹ் செய்துகொண்டு, ஸலாம் கூறிப் பிரிந்தனர்.

அனுபவமுள்ள கைகள் இவ்வேலையை எப்படிச் செய்கின்றன என்று கேட்டறிந்ததைச் சொல்கிறேன். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு நட்டைச் சிறிது கழற்றி, மீண்டும் சிறிது இறுக்கி, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்து, டீசல் குழாய்களை மறைத்துவிட்டு, கேஸ் தீயால் நட்டைச் சூடாக்க வேண்டும். முறிந்த துண்டு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். அந்தச் சூடே துருவின் பிடியைத் தளர்த்தும். மாட்டும்போது புது கேஸ்கட்டும், வெப்பம் தாங்கும் ஸ்டட்டும் வேண்டும். துத்தநாக முலாம் பூசிய சாதாரண போல்ட் இதற்கு உதவாது. துத்தநாகம் 420 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். மரையில் சூட்டைத் தாங்கும் பசை தடவி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். “கை பலம் போதும்” என்று சொல்லும் இடத்தில்தான் அளவு தவறுகிறது.

முறிந்த ஸ்டட்டை அப்படியே விட்டு, பசை பூசி மறைத்து வண்டியை ஒப்படைப்போரும் உண்டு. அது வெறும் சோம்பலன்று, மோசடி. கசியும் புகை ஓட்டுநரின் கேபினுக்குள் புகக்கூடும். அதில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. எஞ்சினை ஓடவிட்டபடி கேபினில் உறங்கும் ஓட்டுநரின் உயிருக்கு, அவர் பார்க்காத அந்த ஒற்றைப் போல்ட் பொறுப்பாகிறது. வீட்டில் அவரை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் நம் மதரஸாக்களில் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஓட்டுநர்களே, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ ஒலி கேட்டாலோ, மேனிஃபோல்டின் இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். உரிமையாளர்களே, ஓர் இரவு அவகாசம் கொடுங்கள். மெக்கானிக் சகோதரர்களே, முறியக்கூடும் என்பதை வேலையைத் தொடங்குமுன் சொல்லுங்கள், முறிந்தால் மறைக்காதீர்கள்.

யாரும் பாராத இடத்திலும் அளவைப் பேணும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.