குத்தூசியும் பெருவிரலும்

எங்க அப்பா மணவாளக்குறிச்சி முக்கில் கிழிஞ்ச குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். அருந்ததியர் நாங்க. குத்தூசியை அழுத்தி அழுத்தி அவருக்கு வலது பெருவிரலில் ரேகையே கிடையாது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் மை அப்பிக்கிடக்கும். "ஒழுங்கா வைலே" என்று ஆபீஸில் திட்டுவாங்க.

அந்த ஊசியை நான் எடுத்தது போன வருஷம். தெருப் பிள்ளைகள் ஏகலைவன் நாடகம் போட்டாங்க. வில்லும் அம்பும் இருக்கு, முதுகில் தொங்குற அம்பறாத்தூணி இல்லை. "பாட்டா, அட்டையில ஒட்டிருவோமா?" என்றாள் பேத்தி. தோலிலேயே செய்வோம் என்றேன்.

முன்னோர்கள் செத்த மாட்டை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் வாரக்கணக்கில் போட்டுப் பதனிட்டாங்க. நான் திண்டுக்கல்லிலிருந்து பதனிட்ட தோலாகவே வாங்கினேன். நாற்றமில்லை. அந்த நாற்றத்தைச் சொல்லித்தானே எங்களை ஊருக்கு வெளியே வச்சாங்க.

20 அங்குல நீளம், 13 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. அடியை மூட 4 அங்குல வட்டம். தோளில் மாட்ட வார். அங்குலத்துக்கு 4 துளை, நெடுக 80. குத்தூசி நேராக இறங்கணும், சாய்ந்தால் தையல் கோணும். தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடிச்சுக்கிடும். பெருவிரல் இல்லாதவன் இதைச் செய்ய முடியாது. துரோணர் கேட்டது வில்லாளியின் விரலைத்தான் என்கிறாங்க.

தைத்ததை நனைத்து உள்ளே எங்க கடற்கரைக் கறுப்பு மணலை நிரப்பினேன். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டது இந்த மணலில்தான். இதிலுள்ள இல்மனைட் சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கம்பெனிக்கு அது காசு. எனக்கு, ஈரத்தோலை உள்ளிருந்து அழுத்தி உருட்டாக நிறுத்துகிற பாரம். நிழலில்தான் காயணும். வெயிலில் விறைத்து வெடிக்கும். காய்ந்ததும் மணலைக் கொட்டிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினேன்.

நாடகம் ஒரு கோயில் திடலில். தூணியைப் பார்த்ததும் கமிட்டிக்காரர் ஒருத்தர், என்னைவிட இருபது வயசு இளையவர், "எலே, தோல் சாமானை விளக்குப் பக்கம் கொண்டு வராதே" என்றார். அந்தப் பக்கம் செண்டை முழங்கிக்கொண்டிருந்தது. "அதுல இழுத்துக் கட்டியிருக்கது என்ன தோலு?" என்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். தூணி மேடையேறியது.

புறநானூற்றில் 82ஆம் பாட்டில் எங்க ஆள் ஒருத்தன் வருகிறான். ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை, பொழுதும் சாய்கிறது. அவன் வாரைக் கோத்துக் கட்டில் பின்னுகிறான். அவன் ஊசியின் வேகம் அரசனின் போர் வேகத்துக்கு உவமை. சாத்தந்தையார் அவனுக்கு வைத்த பேர் இழிசினன். வலியில் கிடக்கிறவளை விட்டுவிட்டு எவனுடைய கட்டிலுக்கு அப்படி அவசரம்?

என் மகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுக்கிறதை விடச் சொன்னார், நீங்க பிள்ளை கையில ஊசி கொடுக்கீங்களே என்கிறான். 2016 ஜூலையில் குஜராத் உனாவில் மாட்டுத்தோல் உரித்தவர்களைக் காரில் கட்டி அடித்ததையும், சுரேந்திரநகர் தலித்துகள் மாட்டுப் பிணங்களைக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொண்டு போட்டதையும் சொல்கிறான். அவன் சொல்வது சரி. அடித்துச் செய்யவைத்த வேலையை விடத்தான் வேணும். அதற்காக 80 துளையை நேராக இறக்கத் தெரிந்த கையையும் சேர்த்து வெறுக்கணுமா என்று கேட்டேன். "அந்தக் கையைத்தானப்பா அவங்க தொடல" என்றான்.

பேத்திக்கு இப்போது நேர்த்தையல் வந்துவிட்டது. அவளைத் தைக்கவிடுவதா, வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.